நேர்ந்துவிட்ட எலி

புக்கிட் காதிலில் எனக்கு அடுத்த வீட்டுப் பெண் வங்கியில் வேலை செய்கிறாள். கொஞ்ச நாளைக்கு முன்பு அவள் ஒரு சின்சில்லா வாங்கி வந்தாள். சாம்பல் நிறம், முயலுக்கும் எலிக்கும் நடுவில் ஒரு உருவம், தொட்டால் விரல் புதைகிற மாதிரி மயிர். எங்கேயோ குளிர்ந்த மலையில் இருக்கிற இனமாம். நம் ஊர் வெக்கை அதற்கு ஆகாது என்று தனி அறை கொடுத்து, பகல் முழுக்க ஏர்கோன் போட்டு வைத்திருக்கிறாள். தண்ணீரில் நனையக்கூடாதாம். தூள் மண்ணைத் தட்டில் கொட்டி வைத்தால் அதில் புரண்டு குளித்துக்கொள்கிறது. தெருவில் இதற்கு இரண்டு கட்சி. எலிக்கு ஏர்கோன் கேட்கிறதா, அந்தக் காசில் நாலு பேருக்குச் சோறு போடலாமே என்று ஒரு கட்சி. மலையில் துள்ளித் திரிய வேண்டியதை அறையில் அடைத்து வைத்தால் பாவம் சும்மா விடாது என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கத்திலும் வாங்கிக் கட்டிக்கொண்டு அவள் என்னிடம் வந்து, தான் செய்வது தப்பா என்று கேட்டாள்.

வாங்கினது தப்புதான் என்றேன். அதன் பாட்டுக்கு மலையில் இருந்ததை யாரோ பிடித்து, பெருக்கி, பெட்டியில் போட்டு விற்றிருக்கிறான். நீ வாங்கினால் அவன் இன்னொன்று விற்பான். ஆனால் கைக்கு வந்த பிறகு ஊர் வாய்க்குப் பயந்து அதைக் கைவிடுவது அதைவிடப் பெரிய தப்பு, போய் ஏர்கோனைப் போடு என்று அனுப்பினேன்.

இவ்வளவு திமிராகச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில், இதே ஊரில் காஜா பெராங் பக்கம், வரிசை வீடு முழுக்கப் பசியில் கிடந்தபோது நான் ஒரு எலி வளர்த்தேன். அதற்காக என்னைத் திட்டாத வாய் கிடையாது. அன்றைக்கும் வெட்கப்படவில்லை, இன்றைக்கும் வெட்கப்படுவதாக இல்லை.

அப்பா தெங்கேராவில் கடலோரத்துத் துரை பங்களா ஒன்றில் தோட்டக்காரர். ஜப்பான்காரன் கிட்டே வந்துவிட்டான் என்று தெரிந்ததும் துரை குடும்பம் காரில் ஏறிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. துரை மகள் வளர்த்த எலி மரக்கூண்டில் பூட்டியபடி பின்கட்டில் கிடந்தது. போகிற அவசரத்தில் ஒரு கை புல்லைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு பங்களாவுக்குள் ஊரே புகுந்தது. எங்கள் வரிசையிலிருந்தும் போனார்கள். ஒருவர் சாய்வு நாற்காலி கொண்டுவந்தார். இன்னொருவர் கொண்டுவந்த நிலைக்கண்ணாடி வாசலுக்குள் நுழையாமல் ஜப்பான்காரன் காலம் முழுக்க மழையில் நனைந்துகொண்டு வெளியிலேயே நின்றது. அப்பா தன் கையில் தேய்ந்த மண்வெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். நான் எலியைப் பாவாடையில் முடிந்துகொண்டு, கூண்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

துரை மகள்மேல் எனக்கு ரொம்ப நாள் ஆத்திரம் இருந்தது. திறந்தாவது விட்டிருக்கலாமே என்று. பிறகு யோசித்தால், திறந்து விட்டிருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே பூனை கவ்வியிருக்கும். கூண்டில் பிறந்ததற்கு ஓடத் தெரியாது, ஒளியத் தெரியாது. வளர்க்கிறவன் பிராணியிடமிருந்து முதலில் பிடுங்குவது அதைத்தான். இதை நான் மறுக்கவில்லை. பிடுங்கியவன் அப்புறம் பூனைக்கும் பசிக்கும் நடுவில் தானே போய் நிற்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

அது பழுப்பும் வெள்ளையுமாக, வாலே இல்லாமல், ஒரு சின்னத் தலையணை மாதிரி இருக்கும். எங்கள் வரிசைக்குப் பின்னால் செட்டிகள் குடியிருந்த கம்பம். அங்கே கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். அங்கிருந்த ஒரு அம்மா அதைப் பார்த்ததும் திக்குஸ் பெலண்டா என்றார். ஒல்லாந்துக்காரன் எலி என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் சீமை எலி என்றார்கள். அது எந்தச் சீமையிலிருந்து வந்ததோ, அதற்கே தெரியாது.

அதன்மேல் எனக்கு ஏன் அப்படி ஒரு பிடிப்பு என்று கேட்டால் சொல்கிறேன். என் காலடிச் சத்தம் கேட்டால் உய் உய் என்று விசிலடிக்கும். மடியில் வைத்தால் சூடாக இருக்கும். உள்ளே எதுவோ ஓடுவதுபோல் குர்ரென்று ஒரு அதிர்வு வரும். அது என்னை நேசித்தது என்று கதை விடமாட்டேன். அது புல்லை நேசித்தது, நான் புல்லோடு வந்தேன். அது போதும் எனக்கு. அந்தக் காலத்தில் காலையில் எழுந்ததிலிருந்து எல்லாமே யாரோ சொல்லிச் செய்வதாக இருந்தது. பாலத்துக் காவல்காரனுக்குக் குனி என்றால் குனிந்தோம். அரிசிக்கு நில் என்றால் நின்றோம். புரியாத பாட்டைப் பாடு என்றால் பாடினோம். எலிக்குப் புல் பறித்தது ஒன்றுதான் நானாக நினைத்து நானாகச் செய்தது. எனக்குப் பதினாறு வயது. அந்த வயதில் அப்படி ஒன்று இல்லாவிட்டால் மனுஷி கிறுக்குப் பிடித்துப் போவாள்.

மனுஷனுக்கு இல்லாததை எலிக்குக் கொடுக்கிறாள் என்று பேச்சு வந்தது. சுத்தப் பொய். ரோட்டோரத்துப் புல்லைத்தான் அது தின்றது. மரவள்ளியில் ஒரு தோல்கூட நான் அதற்குப் போட்டதில்லை. எங்களுக்கே தோல்வரைக்கும் மிஞ்சாது.

பிறகு அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கிழங்கு விற்கப் பாசாருக்குப் போனவரை, வழியில் நின்ற லாரியில் மற்ற ஆட்களோடு ஏற்றி, சயாமுக்கு ரயில்பாதை போட அனுப்பிவிட்டார்கள். ஓடி வந்து சொன்னவர் கையில் அப்பாவுடைய காலிக் கூடை இருந்தது. அடுத்த அறையில் குடியிருந்த அக்காவின் புருஷனும் அதே லாரியில்தான் போனார். அந்த அக்கா அப்போது மாசமாக இருந்தாள், வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அம்மா அழவில்லை. கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, வருகிற காலடி ஒவ்வொன்றுக்கும் எட்டிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு நாள் அந்த அக்கா எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள். கறி தின்று எத்தனையோ மாசமாகிறது, நினைப்பெல்லாம் கறியாகவே இருக்கிறது, அந்த எலியைக் கொடுத்தால் மிளகு போட்டு ஒரு குழம்பு வைத்துக்கொள்கிறேன், உங்களுக்கும் ஒரு கிண்ணம் தருகிறேன் என்றாள். அதில் குரூரம் ஒன்றும் கிடையாது. வயிற்றுக்காரி ஆசைப்பட்டுக் கேட்டால் நம் சனத்தில் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக் கொடுத்தாவது வாங்கிப் போடுவார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். கொடுத்துவிடு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

வயிற்றுக்காரி கேட்டதை மறுக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்தப் பொருள் சாமிக்கு உரியதாக இருக்க வேண்டும். என் வாயிலிருந்து அதுதான் வந்தது. முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டேன் என்றேன். அப்பா நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நேர்ந்தேன் என்று அதையும் சேர்த்தேன். பொய்க்குக் கால் வைத்தால் நடக்கவும் வேண்டுமே.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதிலிருந்து ரொம்ப நாள் என் பங்குக் கிழங்கில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். பரிகாரம், அது இது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மறுபடியும் வந்து கேட்காமல் இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன்.

அன்றைக்கே இருந்த கடைசி மஞ்சள் துண்டை அம்மா உரைத்து, ஒரு நூலில் தடவி, எலியின் கழுத்தில் கட்டினாள். அதோடு எங்கள் வரிசையில் அதன் மதிப்பே மாறிப்போனது. நேர்ந்துவிட்ட கிடாயை யாரும் அடிப்பதில்லை, விரட்டுவதில்லை, விற்பதில்லை. அந்த மரியாதை எல்லாம் எலிக்கும் வந்தது. கூண்டைத் தாண்டிப் போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அதுவரை பெருச்சாளி என்று திட்டிக்கொண்டிருந்த அம்மா, விடிந்ததும் தானே போய் இளம் புல்லாகப் பார்த்துப் பறித்து வந்தாள். கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து அதனிடம் மெல்லப் பேசுவாள். அப்பாவைப் பற்றித்தான் பேசுவாள். நான் கேட்காத மாதிரி எழுந்து வெளியே போய்விடுவேன்.

என் கெட்டிக்காரத்தனத்தில் நான் ஒன்றை மறந்துவிட்டேன். நேர்ந்துவிட்டது சாமிக்குப் பலியாக வேண்டியது. ஆடி வந்தது. எங்கள் வரிசைக்குப் பின்னால் மரத்தடியில் ஒரு சூலம் நட்டு முனியாண்டி இருந்தார். வருஷா வருஷம் ஆடியில் பூசை, சேவல் வெட்டு. அந்த வருஷம் வரிசையில் ஒரு சேவல்கூட மிஞ்சியிருக்கவில்லை. எல்லார் கண்ணும் எங்கள் கூண்டுக்குத் திரும்பியது.

பூசாரி முன்பு மாட்டுவண்டி ஓட்டியவர். எலியை முனியாண்டிக்கு வெட்டலாமா என்று அவருக்கே முதலில் சந்தேகம். நாலு பேர் கூடிப் பேசினார்கள். கடைசியில், புல் தின்கிறது, கிழங்கைத் திருடவில்லை, ஆகவே இது ஆட்டுச் சாதிதான் என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். வேறொரு சமயமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். வேண்டாம், அப்பா வந்த பிறகு செய்யலாம் என்று அம்மாவிடம் மன்றாடினேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. நேர்ந்ததைக் காலம் தாழ்த்தினால் சாமி அங்கே உங்கப்பாமேல் கோபத்தைக் காட்டும் என்றாள். அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம் அது. பொய்யாக அதைக் கொடுத்தவள் நான்.

பூசையன்று மத்தியானம் எலியை வாழையிலைமேல் வைத்தார்கள். வரிசை முழுக்க வந்திருந்தது. நிறை மாசமாக இருந்த பக்கத்து அறை அக்கா பலியைப் பார்க்கக்கூடாது என்று தள்ளி, அந்த நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றாள். வெட்டுகிறதற்கு முன்னால் பிராணிமேல் மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். அது உடம்பைச் சிலிர்த்துக் குலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். குலுக்காமல் கத்தி வைக்கக் கூடாது. பூசாரி பாராங் கத்தியைத் தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் தெளித்தார்.

எலி அசையவில்லை. மறுபடி தெளித்தார். அசையவில்லை. எனக்கு அது ஏன் என்று தெரியும். அந்தச் சாதிக்குப் பயம் வந்தால் ஓடாது, கத்தாது. கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கல்லாக உட்கார்ந்துவிடும். இடி இடித்தால் கூண்டில் அப்படித்தான் இருக்கும். இத்தனை பேர், சாம்பிராணிப் புகை, உடுக்கைச் சத்தம், அது உறைந்துபோய் இருந்தது. சாமிக்கு வேண்டாமாம் என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். நான் வாயைத் திறக்காமலே அது பிழைத்துவிடும்.

அப்போதுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மற்றவர்களுக்குச் சாமி எலியை வேண்டாம் என்றது. அம்மாவுக்குச் சாமி அப்பாவைத் தரமாட்டேன் என்றது. அவள் எலிக்கு முன்னால் மண்டி போட்டாள். முந்தானையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அதைக் கெஞ்ச ஆரம்பித்தாள்.

"குலுக்குடா ராசா. ஒரே ஒரு தடவ குலுக்கு. அவரு உசிரோட இருக்காருன்னு சொல்லு."

உடுக்கை நின்றுபோனது. எலி கல்லாகவே இருந்தது. அம்மா திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பேசாமல் இருந்தால் எலி எனக்கு மிஞ்சும், அம்மா அன்றைக்கே தாலியைக் கழற்றிவிடுவாள். உண்மையைச் சொன்னால் அம்மாவுக்குச் சாமி சொன்ன அந்தப் பதில் பொய்யாகும், எலியைக் காப்பாற்ற ஒரு மஞ்சள் நூல்கூட இருக்காது. சாமியின்மேல், பூசாரிமேல், சயாமுக்கு லாரி ஓட்டியவன்மேல், எல்லார்மேலும் ஆத்திரம் வந்தது. நான் போய் எலியை இலையிலிருந்து தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

"அம்மா, இத நான் சாமிக்கு நேரவே இல்ல. இத யாரும் திங்கக்கூடாதுன்னு பொய் சொன்னேன். சாமிகிட்ட அப்பாவப் பத்தி நான் எதுவும் கேக்கல. கேக்காததுக்கு எங்கருந்து பதில் வரும்?"

அம்மா எழுந்து வந்து என்னை அறைந்தாள். காது அடைத்துக்கொண்டது. சாமி பேரில் பொய் சொன்னவள் உருப்படமாட்டாள் என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் இது சாமிக்கு இல்லையே, குழம்புக்காவது ஆகட்டும் என்றார் இன்னொருவர். அதற்கும் நாலு பேர் தலையாட்டினார்கள். பசி அப்படி. அவர்களை நான் குற்றம் சொல்லவில்லை, ஆனால் கொடுக்கிறதாகவும் இல்லை. தொடுகிறவர் கையைக் கடிப்பேன் என்று சொன்னேன். எலி கடிக்காது, நான் கடிப்பேன் என்றேன். நிஜமாகவே கடித்திருப்பேன்.

அம்மா கையை நீட்டினாள். மற்றவர்களிடம் கொடுக்காத நான் அவளிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கி மார்போடு அணைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு, பயம் தெளிந்ததோ என்னவோ, எலி தலையிலிருந்து பின்பக்கம் வரைக்கும் உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கியது. மஞ்சள் தண்ணீர் அம்மாவின் முகத்தில் தெறித்தது.

உத்தரவு வந்துவிட்டது என்று கூட்டம் சத்தம் போட்டது. பூசாரி குனிந்து பாராங்கை எடுத்தார். நான் கத்தியைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தேன். அவள் அத்தனை மாசமாகக் காத்திருந்த குலுக்கு அது. அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. முந்தானையை இழுத்து எலியை ஈரம் போகத் துடைத்தாள்.

"நனஞ்சா எதுவும் குலுக்கத்தான் செய்யும்ணே" என்று பூசாரியிடம் சொன்னாள். "இது சாமிக்கு நேர்ந்தது இல்லன்னு அவளே சொல்லிட்டா. நீங்க தேங்காய ஒடைங்க."

தேங்காயை உடைத்தார்கள். அம்மா எலியோடு வீட்டுக்குள் போய்விட்டாள். என்னோடு அதன் பிறகு பல நாள் பேசவில்லை. புல்லை மட்டும் பறித்து வருவாள், எனக்கு முன்னால் தானே போடுவாள். கழுத்து நூலை அவளேதான் அறுத்துப் போட்டாள்.

அக்காவுக்கு அந்த மாசக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. ஒல்லியாக இருந்தாலும் நல்ல குரல். எலியும் இருந்தது. ஜப்பான்காரன் தோற்று, வெள்ளைக்காரன் திரும்பி வந்து, அதற்குப் பிறகும் ஒரு வருஷம் இருந்து, வயசாகித் தானாகச் செத்தது. எத்தனையோ பேர் சாகக் கூடாத வயதில் செத்த காலம் அது. ஓர் உயிராவது வயசாகிச் செத்ததே என்று எனக்குக் கர்வம்தான்.

சயாமிலிருந்து ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். எலும்பும் தோலுமாக, புண்ணான காலோடு, தங்கள் வாசலே அடையாளம் தெரியாமல் நின்றார்கள். அப்பா வரவில்லை. பக்கத்து அறை அக்காவின் புருஷனும் வரவில்லை. இரண்டு பேரையும் ஒரே முகாமில் பார்த்ததாகவும், அங்கே பேதி வந்ததாகவும் ஒருவர் வந்து சொன்னார். அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை. சாமிக்குக் கிடாயே வெட்டிய மற்ற வரிசைகளிலும் இதே கதைதான். ஆனாலும் எங்கள் வரிசையில் சிலர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்கள். நான் திருப்பிக் கொடுக்காமல் விட்டதில்லை. ஒருத்திக்கு மட்டும் கொடுக்கவில்லை.

ஒரு நாள் அம்மாவும் நானும் பொதுக் குழாயடியில் தண்ணீருக்கு நின்றிருந்தோம். பக்கத்து அறை அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு அந்தச் செய்தி வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் குரல் உடைந்து கேட்டுவிட்டாள். அன்றைக்கு அந்த எலியைச் சாமிக்குக் கொடுத்திருந்தால் இரண்டு பேரும் வந்திருப்பார்களே, ஓர் எலிக்காக எங்கள் இரண்டு குடும்பத்தையும் தின்றுவிட்டாயே என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அம்மா குடத்தைக் கீழே வைத்தாள்.

"அவங்கள லாரியில ஏத்துனது ஜப்பான்காரன்டி. எம் பொண்ணும் இல்ல, எலியும் இல்ல. எல்லாரும் போனதுக்கப்பறம் அது ஒண்ணுதான் கூண்டவிட்டு எங்கயும் போகாம எங்கூட இருந்துச்சு."

அக்கா குழந்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அம்மா எங்கள் குடத்தை நகர்த்திவிட்டு, அவள் வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.